பழைய காருக்கு எலெக்ட்ரோனிக் இக்னிஷன்: மாட்டுவதும், வழியில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும்

அப்பாவின் மோறிஸ் மைனர் என் கைக்கு வந்தபோது கூடவே ஒரு பிஸ்கட் பேணியும் வந்தது. உள்ளே தேய்ந்த பொயின்ட் நாலைந்து, இரண்டு கொண்டென்சர், ஒரு சின்ன அரம், நுனி மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர். பதுளைக்குப் போனாலும் சரி, காத்தான்குடிக்குப் போனாலும் சரி, அந்தப் பேணி ஏறாமல் அப்பா சாவியைத் திருப்பமாட்டார். எலெக்ட்ரோனிக் இக்னிஷன் மாட்டிய அன்று, இனி இது எதற்கு என்று பேணியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப் பார்த்தேன். கொடுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கும், என்னைப்போல் வீட்டு வழியில் கிடைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மோறிஸ், ஒஸ்டின், மினி போன்ற பிரித்தானியக் கார்கள்தான் என் மனதில் இருப்பவை. வேறு கார் என்றாலும் அடிப்படை இதுதான். கம்பி நிறங்களும் அளவுகளும் மாறும்.

பொயின்ட் என்ன செய்கிறது

கொயில் 12 வோல்ற்றைப் பல்லாயிரம் வோல்ற்றாக ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. ஆனால் அது சும்மா ஏற்றாது. அதற்குள் ஓடும் மின்னோட்டத்தை யாராவது சட்டென்று வெட்ட வேண்டும். வெட்டும் அந்தக் கணத்தில்தான் பொறி பிறக்கும். வெட்டுகிற கத்திதான் பொயின்ட். வெட்டும்போது பொயின்டின் வாயில் நெருப்புப் பறக்காமல் பார்த்துக்கொள்வது கொண்டென்சர்.

நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால், பொயின்ட் ஒரு செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடும். அவ்வளவு வேலை செய்தால் எதுதான் தேயாது? முகம் கரிந்து குழி விழும். மேடுகளோடு சுற்றும் தண்டான காமில் உரசும் குதி தேயத் தேய இடைவெளி குறுகும். இடைவெளி குறுகினால் பொறி பிந்தும். கார் இழுவை குறைந்து, சூடேறி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். போதாததற்கு இப்போது கடைகளில் கிடைக்கும் கொண்டென்சர்கள் பலவற்றின் தரம் அந்தக் காலத்துச் சாமான்போல் இல்லை. நான் எலெக்ட்ரோனிக் பக்கம் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எலெக்ட்ரோனிக் கிட்டில் வெட்டும் வேலையை ஒரு சின்ன மொடியூல் செய்கிறது. காமின் மேல் ஒரு காந்த வளையம் உட்காரும். அது சுற்றும்போது மொடியூலுக்குள் இருக்கும் உணரி காந்தத்தை அறிந்து மின்னோட்டத்தை வெட்டும். உரசுவது எதுவும் இல்லை, ஆகவே தேய்வதும் இல்லை. காந்தத்துக்குப் பதிலாக ஒளிக்கற்றையை வெட்டும் வகையும், பொயின்டும் காமும் குடியிருந்து பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ரிபியூட்டரையே முழுதாக மாற்றும் வகையும் இருக்கின்றன. முதல் தடவை செய்பவருக்குக் காந்த வளைய வகையே போதும். வெளியே பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. பழையபடி மாற்றவும் முடியும். இந்த இரண்டாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் டிஸ்ரிபியூட்டரின் உடலில் பொறித்திருக்கும் மொடல் எண். லூக்காஸ் கம்பனியின் சாமான் என்றால் டிஎம்2, 25டி4, 45டி4 என்று ஏதாவது இருக்கும். காரின் ஆண்டைச் சொல்லிக் கிட் வாங்காதீர்கள். ஐம்பது அறுபது வருசத்தில் எத்தனை கராஜ் பார்த்திருக்கும். எந்தக் காரின் டிஸ்ரிபியூட்டர் எந்தக் காரில் குந்தியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்? துணியால் துடைத்து எண்ணை வாசித்து, அதைப் படம் எடுத்து, அந்தப் படத்தோடு கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். அல்லது லண்டனில் இருக்கும் மச்சானுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது எர்த். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். பொனற்றைத் திறந்து எந்த முனையின் கம்பி காரின் உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள், யார் சொன்னதையும் நம்பாதீர்கள். நெகற்றிவ் எர்த் கிட்டைப் பொசிற்றிவ் எர்த் காரில் மாட்டினால் சாவியைத் திருப்பியதும் மொடியூல் முடிந்தது. இரண்டுக்கும் தனித்தனிக் கிட் உண்டு. காரையே நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றுவதும் நடக்கிற காரியம்தான். பற்றரிக் கம்பிகளை மாற்றி, கொயிலின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் புதிய முனைகளுக்குப் பழக்க வேண்டும் (பொலரைஸ் செய்வது என்பார்கள்). டைனமோவை மறந்தால் சார்ஜ் ஏறாது. இதை வயரிங் வேலை தெரிந்தவரிடம் விடுவது புத்தி.

மூன்றாவது கொயில். அதன் இரண்டு சின்ன முனைகளின் கம்பிகளையும் கழற்றி, மல்ரிமீற்றரை ஓம் நிலையில் வைத்து அளவுங்கள். சாதாரண 12 வோல்ற் கொயில் 3 ஓம் அளவில் காட்டும். 1.5 ஓம் காட்டினால் அது ஒரு தடைக்கம்பியோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய கொயில். கிட் விற்பவர்கள் கூடவே அதிக சக்தியுள்ள, தடை குறைந்த கொயில் ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான் வாங்கவில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். 3 ஓம் கொயிலில் ஓடுவது 4 அம்பியர், 1.5 ஓமை நேரே கொடுத்தால் 8 அம்பியர். மொடியூல் ஒருவேளை தாங்கும். ஆனால் வழியில் மொடியூல் செத்து நீங்கள் பழைய பொயின்டுக்குத் திரும்பும் நாளில், 8 அம்பியரைப் பொயின்ட் தாங்காது. வீடு வந்து சேருமுன் கரிந்துவிடும்.

கடைசியாக டிஸ்ரிபியூட்டரின் நடுத்தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அதற்கு வைத்தியம் எலெக்ட்ரோனிக் அல்ல, லேத் வேலை. டிஸ்ரிபியூட்டருக்கு எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் மெல்லிய வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு அசைய வேண்டும், உறிஞ்சிய காற்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே தோல் கிழிந்திருக்கிறது.

மாட்டும் நாள்

பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். பிளக் வயர்களுக்குப் பிளாஸ்டர் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். மோறிஸ், மினி, ஒஸ்டின் நாலு சிலிண்டர் எஞ்சின்களில் பொறி போகும் ஒழுங்கு 1-3-4-2. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றி ஒவ்வொரு வயருக்கும் பொறியைக் கொடுக்கும் ரோட்டர் மணிக்கூட்டுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றும். குழம்பினால் இதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரலாம்.

எஞ்சினை ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றி, ரோட்டர் முதலாவது பிளக் வயரைப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். டிஸ்ரிபியூட்டரின் உடலை இப்போதைக்குத் தளர்த்தவே வேண்டாம். பிறகு மேல் மூடி, ரோட்டர், பொயின்ட், கொண்டென்சர் என்று வரிசையாகக் கழற்றலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த ஸ்க்ரூக்கள் கடுகளவு. கீழே ஒரு துணியை விரித்துவிட்டுக் கழற்றுங்கள். டிஸ்ரிபியூட்டருக்குள்ளேயே விழுந்தால் எடுக்காமல் எஞ்சினைச் சுற்றாதீர்கள்.

முடிந்தால் பொயின்டையும் கொண்டென்சரையும் அவை இருக்கும் தட்டோடு சேர்த்து அப்படியே வெளியே எடுத்துவிட்டு, மொடியூலுக்கு இன்னொரு தட்டுத் தேடிப் பிடியுங்கள். பழைய டிஸ்ரிபியூட்டர் ஒன்று கராஜ் மூலையில் கிடக்கும். ஏன் இந்தச் செலவு என்று பிறகு விளங்கும்.

தட்டைப் பெற்றோலால் கழுவித் துடையுங்கள். தட்டிலிருந்து டிஸ்ரிபியூட்டர் உடலுக்குப் போகும் ஒரு சின்னப் பின்னல் கம்பி இருக்கும், அதுதான் மொடியூலுக்கு எர்த். பாதி நைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் விழுந்தெழும்பும்போதெல்லாம் எஞ்சின் விக்கும். நடுவில் ரோட்டருக்குக் கீழே இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேகத்துக்கேற்ப பொறியை முந்தவைக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் கீழேதான் இருக்கின்றன. எலெக்ட்ரோனிக் போட்டாலும் அவை பழைய இரும்புதான், எண்ணெய் கேட்கும்.

மொடியூலைப் பூட்டி, காந்த வளையத்தைக் காமின் மேல் அழுத்தி உட்காரவைத்து, அதன்மேல் ரோட்டரைப் போடுங்கள். மூடியைப் பூட்டுமுன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், அப்போதுதான் ரோட்டர் ஒரு முழுச் சுற்று வரும். எங்கும் உரசக்கூடாது, கம்பி சுழலும் பாகத்தில் படக்கூடாது. நெகற்றிவ் எர்த் காரில் பெரும்பாலான கிட்டுகளுக்குச் சிவப்புக் கம்பி கொயிலின் பொசிற்றிவுக்கு, கறுப்பு நெகற்றிவுக்கு. உங்கள் கிட்டோடு வரும் படம் வேறு மாதிரிச் சொன்னால் படம் சொல்வதுதான் சரி. தடைக்கம்பி உள்ள கார் என்றால், சிவப்புக்கு மின்சாரத்தைத் தடைக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும்.

பிளக் வயரையும் பாருங்கள். உள்ளே வெறும் செப்புக் கம்பியுள்ள பழைய வயர் மின் இரைச்சல் கிளப்பி மொடியூலைக் குழப்பும். தடையுள்ள வயர் போடுங்கள்.

இனி ரைமிங், அதாவது பொறி பிறக்கும் நேரம். மொடியூல் வெட்டும் இடமும் பொயின்ட் வெட்டிய இடமும் ஒன்றாக இராது. “முன்னம் நல்லா ஓடினதுதானே” என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு கிட்டைத் திட்டுகிறார்கள். முன் புல்லியில் உள்ள வெட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் தடவுங்கள், பெயின்டைவிட நன்றாகத் தெரியும். எஞ்சின் சூடானதும் வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்து, ரைமிங் லைட்டைப் பிடித்து, உங்கள் காரின் புத்தகம் சொல்லும் பாகைக்கு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குங்கள். ஊரில் ரைமிங் லைட் இல்லாத கராஜ் உண்டு. காதால் வைத்துக் கொடுப்பார்கள். நல்ல காதுதான், ஆனாலும் லைட் உள்ள இடத்துக்குப் போங்கள்.

புல்லுமலையில் நின்ற கதை

மாட்டிய பிறகு ஏழெட்டு மாதம் மோறிஸ் சொகுசாக ஓடியது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் தீர்த்தத்துக்குப் போனோம். வெயில் தாங்காமல் காருக்குள் இருந்த மருமகன் சாவியைப் போட்டு ரேடியோ கேட்டிருக்கிறான். எஞ்சின் ஓடவில்லை, இக்னிஷன் மட்டும் ஓன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொயிலும் மொடியூலும் அடுப்பில் வைத்த மாதிரி. அன்று கார் ஸ்டார்ட் ஆகி வீட்டுக்கு வந்தது, நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மகாஓயாவிலிருந்து திரும்பும் வழியில், புல்லுமலை தாண்டியதும் எஞ்சின் நின்றது. இருமல் இல்லை, விக்கல் இல்லை, சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இரண்டு பக்கமும் காடு. அப்பாவின் பேணியோ வீட்டு அலுமாரியில். உழவு மெசின் ஒன்று கரடியனாறு வரை கயிற்றில் இழுத்து வந்தது. மறுநாள் வந்து பார்த்த வயதான மெக்கானிக் சொன்னார்: “பொயின்ட் சாகிறதுக்கு முன்னம் நாலு நாள் இருமும் மனே. இது மாரடைப்பு.”

அன்றிலிருந்து பொயின்டும் கொண்டென்சரும் பூட்டி, இடைவெளி சரிபார்த்த அந்தப் பழைய தட்டு, பழைய ரோட்டரோடு சேர்ந்து பேணிக்குள் காரிலேயே இருக்கிறது. எலெக்ட்ரோனிக் போட்டால் பழுதுகள் குறையும், உண்மை. வருகிற பழுது முன்னறிவிப்பில்லாமல் வரும், அதுவும் உண்மை. எஞ்சின் ஓடாதபோது சாவியை ஓனில் விடாதீர்கள். ரேடியோவுக்கு வேறு இடத்திலிருந்து கம்பி எடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மருமகனுக்குச் சாவி கொடுப்பதில்லை.

வழியில் நின்றால் எந்த ஒழுங்கில் பார்ப்பது

எப்படி நின்றது என்பதிலிருந்து தொடங்குங்கள். இழுத்து இழுத்து, உதறி, மெல்ல நின்றதா? பெற்றோல் பக்கம் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் நின்றதா? மின்சாரம்.

பெற்றோல் என்றால் மோறிஸில் மின் பம்பு இருக்கும். சாவியைப் போட்டதும் டிக் டிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு. சிரிக்காதீர்கள், அந்தப் பம்புக்குள்ளும் ஒரு சோடி பொயின்ட் இருக்கிறது, அது ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மத்தியான வெயிலில் நின்று நின்று போனால், குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி வழியை அடைக்கும். ஈரத்துணியைக் குழாயிலும் பம்பிலும் சுற்றிவிட்டு, நிழலில் ஒரு பிளேன்ரீ நேரம் பொறுங்கள்.

மின்சாரம் என்றால் முதலில் கொயிலின் கம்பிகளைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். கழன்ற கம்பி ஒன்றுக்காக டிஸ்ரிபியூட்டரைப் பிரித்தவர்களை நான் அறிவேன், அதில் நானும் ஒருவன். அப்புறம் டெஸ்ட் லாம்ப். நெகற்றிவ் எர்த் காரில் அதன் ஒரு முனையை உடலில் கவ்வவிட்டு, சாவியை ஓன் செய்து, மறுமுனையைக் கொயிலின் பொசிற்றிவில் வையுங்கள். எரியவில்லையா? சாவியிலிருந்து வரும் வெள்ளைக் கம்பியில் எங்கோ முறிவு. லூக்காஸ் வயரிங்கில் இந்தக் கம்பிக்கு வழக்கமாகப் பியூஸ் கிடையாது, ஆகவே பியூஸ் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். பற்றரியின் பொசிற்றிவிலிருந்து கொயிலின் பொசிற்றிவுக்கு ஒரு தனிக் கம்பி கொடுத்தால் வீடு வரலாம். எஞ்சினை நிறுத்த அந்தக் கம்பியைக் கழற்ற வேண்டும், சாவிக்குக் கட்டுப்படாது.

எரிகிறதா? இப்போது லாம்பைக் கொயிலின் நெகற்றிவுக்கு மாற்றி, ஒருவரை ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லுங்கள். லாம்ப் மினுக்கினால் மொடியூல் உயிரோடு இருக்கிறது. கோளாறு கொயில், நடு வயர், மூடி, ரோட்டர் இவற்றில். மூடியின் உட்புறத்தில் முடி போன்ற கரிக்கோடு தெரிகிறதா, நடுவிலுள்ள கார்பன் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மினுக்காவிட்டால் மூடியைத் திறந்து, ஸ்டார்ட்டர் அடிக்கும்போது ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றுகிறது, பற்றரியும் பலமாக இருக்கிறது என்றால் மொடியூல் போய்விட்டது. பற்றரி இறங்கியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பொயின்ட் குறைந்த வோல்ற்றிலும் பொறி தரும், மொடியூல் பல நேரம் தராது. இன்னொரு பற்றரியிலிருந்து கம்பி கொடுத்துப் பாருங்கள்.

பொறி பார்க்க நடு வயரைக் கையில் பிடித்து வேடிக்கை காட்டும் பழைய பழக்கம் எலெக்ட்ரோனிக்குக்கு ஆகாது. பொறி போக வழியில்லாவிட்டால் மொடியூலைத்தான் தாக்கும். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்பு எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்துப் பாருங்கள்.

மொடியூல் போனது என்று முடிவானால் பேணியைத் திறக்கலாம். மொடியூல் தட்டை எடுத்து, காந்த வளையத்தை மேலே இழுத்துக் கழற்றி, பொயின்ட் தட்டைப் போட்டு, அதன் கம்பியைக் கொயிலின் நெகற்றிவில் பூட்டுங்கள். வளையத்தைக் கழற்ற மறந்தால் பொயின்டின் குதி காமில் உட்காராது. குதி காமின் மேட்டில் நிற்கும்போது பொயின்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜ் இல்லையா, விசிட்டிங் கார்ட் ஒன்றின் தடிப்புக் கிட்டத்தட்ட அதுதான். ரைமிங் கொஞ்சம் பிசகியிருக்கும், மெதுவாக வீடு வரலாம்.

மாரியும் உப்பும் யானையும்

கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்று செப்பு முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். கொயில், மொடியூல், பற்றரி முனைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுரண்டி வசலின் பூசுங்கள்.

மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் போன்ற வீதிகளில் தண்ணீர் ஏறும். அங்கெல்லாம் பழைய காரை இறக்குவது வீரம் இல்லை. இறங்கி நின்றுவிட்டால் மூடியையும் வயர்களையும் காய்ந்த துணியால் துடைத்தாலே பாதிப் பேருக்கு ஸ்டார்ட் ஆகும். மினிக்காரருக்கு இது பெரிய தலையிடி. டிஸ்ரிபியூட்டர் முன் கிரில்லுக்குப் பின்னால் நேரே மழைக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும். பழைய ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரலாலும் ஒரு வயர் வரும்படி மூடிமேல் இழுத்துவிடுவார்கள். அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

லகுகல வழியாக மொனராகலைக்குப் போகிறவர்கள், மன்னம்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் பகலிலேயே காட்டைக் கடந்துவிடுங்கள். இருட்டில் நின்றால், யானை கண்ணில் பட்டால், பொனற்றைத் திறந்துகொண்டு நிற்க வேண்டாம். உள்ளே ஏறி, ஹோர்ன் அடிக்காமல் இருங்கள். வேறு வாகனம் வரும். பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸ் 1990. வாகனம் நின்றால் பின்னால் குழை முறித்துப் போடுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் இரவில் குழை தெரியாது. வெளிச்சத்தில் மினுங்கும் முக்கோணம் ஒன்று வைத்திருங்கள்.

பேணியைத் தவிர என் டிக்கியில் இருப்பவை: விசிறி பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், 5 லீற்றர் தண்ணீர், டெஸ்ட் லாம்ப், இரண்டு மீற்றர் கம்பி இரு முனையிலும் கவ்வியோடு, 35 அம்பியர் பியூஸ் நாலு, தலையில் கட்டும் டோர்ச், இழுவைக் கயிறு. ஸ்பெயார் ரயரின் காற்றை எல்லோரும் மறப்போம். நானும் மறந்திருக்கிறேன்.

இவற்றை வாங்கி வைப்பதைவிட முக்கியம், தட்டு மாற்றும் வேலையை வீட்டு வளவில் ஒருநாள் பின்னேரம், டோர்ச் வெளிச்சத்தில், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் செய்து பார்ப்பது. எனக்கு முதல் தடவை முக்கால் மணித்தியாலம் பிடித்தது. இப்போது இருபது நிமிடம். முதல் தடவை விழுந்த ஸ்க்ரூ ஒன்று மட்டும் மாமரத்தடியில் எங்கோ கிடக்கிறது.